உண்டியும் உலாவும்

2024ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்தில் யப்பான் நாட்டு ஒசாக்கா நகரில் ஒன்பது நாள் தங்கியிருந்தேன். என்னிடம் முன்னாளிற் பாடங்கேட்ட மாணவர் ஒருவர் அங்கே தொழில் புரிகின்றார். அவர் அழைப்பே பயணத்துக்குக் காரணம். மீண்டு வந்து கல்லூரி ஆசிரியர் அறையிற் காலெடுத்து வைத்ததும் நண்பர்கள் சூழ்ந்துகொண்டனர்.

"பண்டிதரே, ஒசாக்காவிற் கண்டவை யாவை?" என்று வடமொழி ஆசிரியர் வினாவினார்.

"உண்டேன், உலாவினேன்" என்றேன்.

"கோட்டை?"

"அகழிக்கு இப்பால் நின்று பார்த்தேன்."

"நூதனசாலை?"

"போகவில்லை."

அறையிற் சிரிப்பு எழுந்தது. "உண்பதற்கும் உலாவுவதற்கும் ஆகாயவிமானம் ஏறவேண்டுமா? மாலையிற் சந்தைப் பக்கம் போய்வந்தாற் போதுமே" என்றார் ஒருவர். "பண்டிதர் தம் வயிற்றின் பயணத்தை எழுதப் போகின்றார்" என்றார் மற்றொருவர். யானும் உடன் சிரித்தேன். எனினும் அச்சிரிப்பு வீடுவரை என்னோடு கூட வந்தது. அதற்கு விடையாக எழுந்ததே இக்கட்டுரை.

நம்மவர் எழுதும் பயணக் கட்டுரைகளை எடுத்து நோக்குக. கோபுரம் இத்தனை அடி. கோட்டைக்கு வயது இத்தனை. கட்டிய அரசன் இன்னான். மாணாக்கர் எழுதும் கட்டுரைகளும் அவ்வழியே செல்கின்றன. அவ்வழியிற் செலுத்தியவர்களும் நாமே. படித்து முடித்தபின், அவ்வூர் மக்கள் காலையில் எதை உண்டனர், மாலையில் எங்கே நடந்தனர், எதற்குச் சிரித்தனர் என்று கேட்டால் விடை இல்லை. உண்பது இழிந்த பொருள், உலாவுவது வீண்பொழுது என்னும் எண்ணம் கற்றோரிடையே ஊறிக் கிடக்கின்றது.

நம் முன்னோர் இவ்வாறு எண்ணினாரல்லர். பெரும்பாணாற்றுப்படையைக் கற்றோர் அறிவர். பரிசில் பெற்ற பாணன் பெறாத பாணனுக்கு வழி சொல்கின்றான். எயினர் குடியில் இன்னது பெறுவீர், ஆயர் குடியில் இன்னது, உழவர் மனையில் இன்னது, வலைஞர் மனையில் இன்னது, அந்தணர் உறையுளில் இன்னது என்று, உண்டியையே அடையாளமாக வைத்து நிலங்களைப் பிரித்துக் காட்டுகின்றான். மதுரைக்காஞ்சி பாடிய புலவரும் நாளங்காடியையும் அல்லங்காடியையும் ஒழித்து மதுரையைப் பாடினாரல்லர். உண்டியை ஒதுக்கிவிட்டு ஊரை எழுதுவது பிற்காலத்தார் கண்ட முறை. யான் ஒசாக்காவிற் கைக்கொண்டது பழைய முறை.

அம்முறைக்கு ஒசாக்காவைப் போற் பொருந்திய நகர் பிறிதொன்றைக் காண்டல் அரிது. யொதோ ஆற்றின் கழிமுகத்திலே எழுந்த வணிக நகர் அது. இன்று 27 இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் அங்கு வாழ்கின்றனர். தொக்குகாவா குடியினர் நாட்டை ஆண்ட காலத்தில், ஆட்சி இன்றைய தோக்கியோவாகிய ஏடோவில் இருந்தது. பேரரசர் மாளிகை கியோத்தோவில் இருந்தது. பண்டங்களோ ஒசாக்காவில் வந்து குவிந்தன. குறுநிலத் தலைவர் பலரும் தாம் வரியாகப் பெற்ற அரிசியை இந்நகர்ப் பண்டசாலைகளில் இறக்கி விற்றனர். தோஜிமா என்னும் இடத்து அரிசிச் சந்தைக்கு 1730ஆம் ஆண்டில் அரசு ஒப்புதல் அளித்தது. பின்னர்க் கைக்கு வரும் அரிசிக்கு முன்னரே விலை பேசும் முறை அங்கே ஒழுங்கு பெற்றது. அத்தகைய சந்தைகளுள் உலகில் இதுவே முதலாவது எனப் பொருளியலார் பலர் கொள்வர். 'நாட்டின் அடுக்களை' என்பது இந்நகருக்கு வழங்கிய பழம்பெயர்.

கியோத்தோவார் உடுத்துக் கெடுவர், ஒசாக்காவார் உண்டு கெடுவர் என்பது யப்பானியரிடை வழங்கும் பழமொழி. உண்டு கெடுதலை அவர்கள் 'குயிதாவோரே' என்பர். இஃது ஏசற் சொல். ஒசாக்காவாரோ அதனை விருதாக எடுத்துச் சூடிக்கொண்டனர். 1949ஆம் ஆண்டில் அப்பெயரையே தாங்கிய உணவகம் ஒன்று தோதோன்போரி வீதியில் எழுந்தது. அதன் வாயிலிலே முரசறையும் கோமாளிப் பொம்மை ஒன்று நின்றது. 2008இல் உணவகம் மூடப்பட்டது. பொம்மையைப் பிரிய ஊரார் உடன்படவில்லை. இன்றும் அவ்வீதியில் அது முரசறைந்து நிற்கின்றது.

அச்சொல்லுக்கு வேறொரு பொருளும் உரைப்பாருளர். 'குயி' என்பது உண்ணுதலையும் குறிக்கும். நீரில் நாட்டும் மரத்தூணையும் குறிக்கும். ஆதலின், வாய்க்கால்தோறும் தூண் நாட்டிப் பாலம் அமைத்தே ஒசாக்காவார் பொருளிழந்தனர் என்பது அவர் விளக்கம். சொல்லிலக்கணம் அதனை ஏற்கினும் ஏற்காவிடினும், அதனுள் அடங்கிய செய்தி மெய்யானது. ஏடோ காலத்து ஒசாக்காவிலே ஏறத்தாழ 200 பாலங்கள் இருந்தன. அவற்றுள் அரசு பேணியவை 12 மாத்திரமே. ஏனையவற்றை நகரத்தார் தம் கைப்பொருள் செலவிட்டுக் கட்டினர். பழுதுற்றபோது தாமே புதுக்கினர். யொதோயா என்னும் வணிகர் குடியினர் அமைத்த பாலம் இன்றும் அக்குடியின் பெயரையே தாங்குகின்றது. இப்போதுள்ள கட்டடம் 1935இல் எழுந்தது, பெயர் பழையது.

ஊரார் உண்ட உண்டியும் ஊரார் உலாவக் கட்டிய பாலமும் ஒரு சொல்லுக்குள் வந்து கூடிய அழகை எண்ணி எண்ணி வியந்தேன். அந்நகரை அளக்கும் இரு கோல்களும் அவையே என்று துணிந்தேன்.

இனி, என் இடர்ப்பாட்டைச் சொல்லவேண்டும். யான் மச்சமாமிசம் உண்ணாத குடியிற் பிறந்தவன். ஐம்பது வயது கடந்தும் அந்நெறி பிறழாதவன். உண்டு கெட்டார் நகரிலே இத்தகைய ஒருவன் செய்யத்தக்கது யாது? சென்ற முதல்நாள் இரவே பிழை நேர்ந்தது. கடை ஒன்றில், "இறைச்சி சேர்ந்ததா?" என்று மாணவர் வினாவினார், "இல்லை" என்ற விடை வந்தது, உண்டேன். உண்டு முடிக்கும் தறுவாயில், சாற்றின் அடியிலிருந்து எழுந்த மணம் எனக்குப் பழகியதாகத் தோன்றிற்று. அயல்வீட்டாரின் சம்பலில் இளமை முதல் யான் அறிந்த மணம் அது. மாசியின் மணம்.

எண்ணியது பிழைக்கவில்லை. யப்பானியர் 'கத்சுஓபுஷி' என்று வழங்குவது, சூரை மீனை அவித்துப் புகையூட்டி உலர்த்திக் கல்லென இறுகச் செய்த பொருள். மாலைதீவிலிருந்து நம் நாட்டுக்கு வரும் மாசியும் அதே மீனில், ஏறத்தாழ அதே முறையில் ஆக்கப்படுவதே. நாம் இடித்துச் சேர்ப்போம். அவர்கள் மெல்லிய சீவலாகச் சீவி வெந்நீரில் இட்டுச் சாறு வடிப்பர். யப்பானியச் சமையலிற் பெரும்பாலானவற்றின் அடியில் அச்சாறே நிற்கின்றது. கடைக்காரர் பொய் சொன்னாரல்லர். அவர் மொழியில் 'இறைச்சி' என்ற சொல்லுள் மீன் அடங்காது. குற்றம் வினாவிய எங்களது.

அன்றிரவு உறக்கம் கொள்ளவில்லை. மாணவர் முகங்கொடுத்துப் பேச நாணினார். "ஐயா, நாளை முதல் வீட்டிலேயே சமைப்போம். வெளியே போகவேண்டாம்" என்றார். அதுவே தக்க வழியென எனக்கும் தோன்றிற்று. இதனை எழுதாது மறைத்திருக்கலாம். மறைத்தால் இனிச் சொல்லப்போவது விளங்காது.

மறுநாட் பகல், வீட்டுக்கு அண்மையிலுள்ள சந்தொன்றிலே, எட்டுப்பேர் இருக்கத்தக்க சிறு கடைக்கு மாணவர் என்னை அழைத்துச் சென்றார். உண்பதற்கன்று, தமக்குப் பழகிய கிழவர் ஒருவரைக் காட்டுதற்கு. கோதுமை மாவில் திரித்த தடித்த இழைகளைச் சாற்றிலிட்டுக் கொடுக்கும் கடை அது. 'ஊதோன்' என்பது அவ்வுணவின் பெயர். அதன்மேல், சோயாக் கட்டியை மெல்லிதாக அரிந்து பொரித்து இனிப்புச் சேர்த்து வேகவைத்து இட்டால் 'நரி ஊதோன்' என்பர். பொரித்த சோயாக் கட்டி நரிக்கு விருப்பம் என்பது அந்நாட்டு நம்பிக்கை. இந்த உணவு ஒசாக்காவிலே பிறந்தது.

மாணவர் என் நிலையைக் கூறினார். கிழவர் கொதிகலத்தை ஒருமுறை நோக்கினார். என்னை ஒருமுறை நோக்கினார். "இன்று இயலாது. மீன் சேர்ந்துவிட்டது. நாளைக் காலை, கடை திறக்குமுன் வரச் சொல்லுங்கள்" என்றார். தலை வணங்கி மன்னிப்பும் கேட்டார்.

அச்சாறு ஆகும் முறையை மறுநாட் காலையிலேதான் கண்டேன். முதலில் நீரில் ஊறுவது கடற்பாசி வகையொன்று. அதற்கு அவர்கள் மொழியிற் 'கொம்பு' என்று பெயர். நம் கொம்புக்கும் அதற்கும் உறவில்லை. அகன்று நீண்டு தோல்போல் உலர்ந்திருப்பது. வடக்கே ஹொக்காய்தோத் தீவில் விளைவது. முற்காலத்திற் பாய்மரக் கப்பல்கள் மேலைக் கடல்வழியே அதனைச் சுமந்து ஒசாக்காவில் இறக்கின. அந்நாள் தொட்டு இந்நகர்ச் சமையலுக்கு அதுவே முதல். இக்கேதா கிக்குநாயே என்னும் வேதியியற் பேராசிரியர் 1908ஆம் ஆண்டில் ஆராய்ந்து, தனிச்சுவை ஒன்றின் மூலத்தைப் பிரித்தெடுத்து 'உமாமி' என்று பெயரிட்டது இக்கடற்பாசியிலிருந்தே. நம் அறுசுவைப் பட்டியலில் அச்சுவைக்கு இடமில்லை; நாவுக்கோ அதனை அறிதல் எளிது.

கடற்பாசி நீர் காய்ந்து வரும், பாசியை எடுத்துவிடுவர், அதன்பின்னரே மீன்சீவல் விழும். கிழவர் செய்தது இவ்வளவே: மீன் விழுமுன் ஒரு சிறு கலத்தில் எனக்கென நீரை வேறாக எடுத்து வைத்தார். சோயாக் கட்டியையும் அந்நீரிலேயே வேகவைத்தார். கரண்டியும் வேறு. எட்டு இருக்கைகளுள் ஒன்றில் யான் தனியே இருந்து உண்டேன். அவர் எதிரே நின்று, உண்பவன் முகத்தையே நோக்கிக்கொண்டிருந்தார். யான் நிமிர்ந்து தலையசைத்தபோது அவர் முகம் மலர்ந்ததைச் சொல்லால் உரைத்தல் அரிது. பட்டியலில் எழுதிய விலைக்குமேல் ஒரு நாணயமும் கொள்ள மறுத்துவிட்டார். புறப்படும்போது 'ஓக்கினி' என்றார். 'நன்றி' என்பதற்கு அந்நகர்ப் பேச்சில் வழங்கும் சொல் அது, தலைநகரார் சொல்லன்று.

வாசகர் ஒன்று சிந்திக்க. முன்னாட் பகலில் அக்கிழவர் யாதும் கூறாமல் ஒரு கிண்ணத்தை என்முன் வைத்திருக்கலாம். காசும் வந்திருக்கும், யான் அறிந்திருக்கவும் மாட்டேன். "இன்று இயலாது" என்றாரே, அச்சொல்லில் ஒசாக்காவைக் கண்டேன். எந்தக் கோட்டையின் எந்த மாடத்தில் ஏறினால் இது தோன்றும்?

அதன்பின் அச்சம் நீங்கிற்று. உண்ணத்தக்கதை உண்டும், தகாததைக் கண்டும் எஞ்சிய நாளெல்லாம் நகரில் உலாவினேன். உண்ணாதவன் உணவுத் தெருவில் நின்று மகிழ்தல் கூடுமோ என்பார்க்குச் சொல்வேன்: கூடும். ஆடத் தெரியாதவன் ஆடல் காண்பதில்லையா?

தக்கோயாக்கி என்பது பேய்க்கணவாய்த் துண்டை உள்ளே வைத்துச் சுடும் மாவுருண்டை. எண்டோ தொமெக்கிச்சி என்னும் கடைக்காரர் 1935இல் அதனை ஆக்கத் தொடங்கினார். யான் உண்ணவில்லை. ஆனால், சுடும் இளைஞர் ஒருவரின் கையைக் கால்மணி நேரம் நின்று பார்த்தேன். குழிப்பணியாரச் சட்டியைப் பெரிதாக்கியது போன்ற இரும்புத் தட்டு, குழிதோறும் மா, கையில் ஊசி போன்ற இரு கோல். ஒவ்வொன்றும் பாதி வெந்தபோது ஒரு சுழற்று. பின்னும் ஒரு சுழற்று. ஒன்றேனும் சிதையவில்லை. சூழ நின்றவர் எவரும் விரைவுபடுத்தவுமில்லை.

ஒக்கோனோமியாக்கி என்பது கோவாவை நறுக்கி மாவோடு கலந்து தட்டைக் கல்லிற் சுடும் தடித்த அடை. பெயரின் பொருள், 'உமக்கு வேண்டியதை இட்டுச் சுட்டது' என்பது. 1945ஆம் ஆண்டு பங்குனியில் நிகழ்ந்த வான்குண்டு வீச்சில் நகரின் நடுவிடம் எரிந்து போயிற்று. போருக்குப் பின் அரிசி அரிதாயிற்று. கோதுமை மாவே கைக்கு எட்டிற்று. அவ்வறுமையில் இவ்வகை அடைகள் பரவிப் பலர் வயிற்றைக் காத்தன. இன்று கல்லைச் சுற்றி இருந்து உண்டு சிரிக்கும் இளைஞர், தம் பாட்டன்மார் பசியை ஆற்றிய உணவையே உண்கின்றனர்.

ஷின்செக்காய் என்னும் பகுதி 1912இல் கோபுரமும் கேளிக்கைக் களமுமாக எழுந்தது. முதற்கோபுரம் போர்க்காலத்திற் போயிற்று. இன்றுள்ளது 1956இல் கட்டப்பட்டது. உழைப்பாளிகள் மாலையிற் கூடும் இடமாதலின், கோலிற் கோத்துப் பொரித்த சிறு துண்டங்களை விற்கும் கடைகள் அங்கே மலிந்தன. தோய்த்து உண்ணும் குழம்பு நெடுங்காலம் பொதுக் கலத்தில் இருந்தது. அதற்கொரு சட்டம் உண்டு: ஒருமுறை தோய்க்கலாம், கடித்தபின் மறுமுறை தோய்க்கலாகாது. நமக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. 'எச்சில்' என்ற ஒரு சொல்லில் நாம் அடக்கியதை அவர்கள் சுவரில் எழுதித் தொங்கவிட்டனர். பணக்காரனும் கூலிக்காரனும் ஒரே கலத்தில் தோய்த்து உண்ட இடத்தில் அச்சட்டம் ஒன்றே காவலாய் நின்றது. கொரோனாப் பெருநோய்க்குப் பின்னர்க் கடைகள் பலவற்றிற் கலம் போய்ப் போத்தல் வந்துவிட்டது. சட்டப்பலகையைக் கழற்ற மனமின்றி விட்டு வைத்த கடையையும் கண்டேன்.

ஒரு மாலை, தோதோன்போரியின் விளக்கொளியையும் ஆரவாரத்தையும் கடந்து, கல் பாவிய ஒடுங்கிய சந்தொன்றுட் புகுந்தோம். அங்கே ஹோசென்ஜி என்னும் சிறு கோயில் இருக்கின்றது. வணங்குவோர் நீர் வார்த்து நீர் வார்த்து, அங்குள்ள ஃபுதோவின் திருவுருவம் முழுவதும் பச்சைப்பாசி படர்ந்துவிட்டது, முகமும் தெரியவில்லை. திருமுழுக்கைக் கண்டு வளர்ந்த எனக்கு அக்காட்சி அயலாகத் தோன்றவில்லை. யானும் ஒரு கரண்டி நீர் வார்த்தேன்.

கோயிலை அடுத்து, செம்பயறு போன்ற அசுக்கி அவரையை இனிப்பிட்டுக் காய்ச்சி அரிசிமா உருண்டையோடு கொடுக்கும் கடை ஒன்றுண்டு. ஒருவருக்கு ஒரு கிண்ணமன்று, இரு சிறு கிண்ணங்கள் வரும். 'மெஓதோ சென்சாய்' என்பர். கணவன் மனைவிப் பாயசம் என்று பொருள் கொள்ளலாம். ஒசாக்காவிற் பிறந்த எழுத்தாளர் ஓதா சக்குநொசுக்கே, 1940இல் இப்பெயரையே தலைப்பாக இட்டு ஒரு கதை எழுதினார். பொறுப்பற்ற வணிகர் மகன் ஒருவன். அவனைச் சுமந்து வாழும் பெண் ஒருத்தி. தொழில் மாற்றி மாற்றித் தோற்கின்றனர். இடையிடையே நகரின் மலிவான நல்ல உணவகங்களைத் தேடிச் செல்கின்றனர். இறுதியில் இச்சந்தில் வந்து இவ்விரு கிண்ணங்களின் முன் அமர்கின்றனர். ஆசிரியர் 1947இல் இளவயதிலேயே காலமானார். அவர் கதையிற் கோட்டை இல்லை, கடை உண்டு. ஒசாக்காவார் அதனைத் தம் காவியம் போற் போற்றுகின்றனர்.

இஃது இவரோடு தொடங்கியதுமன்று. யப்பானிய நாடகாசிரியருள் தலையாய சிக்காமத்சு மொன்சாயெமொன், 1703ஆம் ஆண்டில் தோதோன்போரிப் பாவைக்கூத்து அரங்குக்கு 'சொனெசாக்கி ஷிஞ்ஜூ' என்னும் நாடகத்தை எழுதினார். அந்நாள்வரை அரங்கை ஆண்டவர்கள் பழைய வீரரும் பெருங்குடியினரும். சிக்காமத்சு சோயாச் சாறு விற்கும் கடையில் ஏவல் செய்த இளைஞனையும் ஒரு கணிகையையும் தலைமக்களாக்கினார். அவ்வாண்டிலேயே நகரில் மெய்யாக நிகழ்ந்த சாவு அது. வணிகன் மகனைக் காப்பியத் தலைவனாக்கிய இளங்கோவடிகளைக் கற்ற நாம் இதன் அருமையை உணர்தல் எளிது. அவ்விருவரும் மாண்ட சொனெசாக்கித் திருக்கோயிலைச் சுற்றி இன்று சிற்றுணவுக் கடைகள் நெருங்கி நிற்கின்றன. முதலில் எனக்கு அது பொருத்தமற்றதாகத் தோன்றிற்று. பின்னர், சோயாச் சாறு விற்றவனுக்கு வேறெந்த நினைவுச்சின்னம் இதனினும் பொருந்தும் என்று தெளிந்தேன்.

கல்வியையும் இந்நகரத்தார் கடையிலிருந்தே வளர்த்தனர். 1724ஆம் ஆண்டில் வணிகர் ஐவர் பொருளுதவிக் 'கைத்தொக்குதோ' என்னும் கல்விக்கூடத்தை நிறுவினர். 1869வரை அது நிலவிற்று. அதன் விதிகளுட் சில என்னைப் பெரிதும் கவர்ந்தன. மாணாக்கர் தம்முட் குல உயர்வு தாழ்வு பாராட்டலாகாது. நூல் இல்லாதவரும் வந்து பாடங்கேட்கலாம். தவிர்க்கவியலாத அலுவல் உடையோர் பாடத்தின் நடுவிலும் எழுந்து செல்லலாம். கடையைப் பூட்டிவிட்டு வந்து கற்றவருக்காக எழுதிய விதி இது. எழுந்து சென்றவர்களுள் அடுப்பில் உலையேற்றி வைத்துவிட்டு வந்தாரும் இருந்திருப்பர் என எண்ணி நகைத்தேன். முப்பது ஆண்டு ஆசிரியத் தொழில் செய்த எனக்கு அவ்விதி ஒரு பாடம்.

யான் மிகவும் விரும்பி உலாவிய இடம் தென்ஜின்பாஷிசுஜி என்னும் கடைவீதி. மேலே கூரையிட்டது, 2.6 கிலோமீற்றர் நீளமுடையது. ஏறத்தாழ 600 கடைகள். 949இல் எழுந்ததெனக் கூறும் தென்மங்கூ கோயிலை அடுத்து வளர்ந்த வீதி. அக்கோயிலிற் கல்விக்குத் தெய்வமாக வழிபடப்படுபவர் சுகவரா நோ மிச்சிசானே. புலவராய், அமைச்சராய் விளங்கி, 901இல் நாடுகடத்தப்பட்டு, 903இல் அங்கேயே மாண்டவர். நாடுகடத்திய புலவரைத் தெய்வமாக்கி, அவர் வாயிலில் மரக்கறியும் தேயிலையும் புத்தகமும் விற்கின்றனர். மாலையிற் பள்ளிப் பிள்ளைகளும் கிழவர்களும் சைக்கிளில் வருவோரும் அவ்வீதியில் நிரம்புவர். ஒன்றும் வாங்காது நடப்பவனையும் எவரும் ஏனென்று கேட்பதில்லை. நம் உலா நூல்களிலே தலைவன் பவனி வர ஊர் பார்த்து நிற்கும். அங்கே ஊர் பவனி வர யான் பார்த்து நின்றேன்.

இங்கே மறுப்பார் கூறும் மறுப்பையும் கேட்போம். "வள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தில் அளவறிந்து உண்க என்றாரே; உண்டு கெடுதலைப் புகழ்தல் முறையா?" என்பர். யான் பெருந்தீனியைப் புகழவில்லை. பெருந்தீனி உண்பவனைப் பற்றியது. யான் பேசுவது ஊட்டுபவனைப் பற்றி. சில நூறு யென் விலையுள்ள கிண்ணத்தை, பெருவிருந்துக்குரிய கவனத்தோடு ஆக்கிக் கொடுக்கும் கை ஒரு நகரின் ஒழுக்கத்துக்குச் சான்று. அச்சமின்றி இரவில் நடக்கத்தக்க வீதி மற்றொரு சான்று.

"அந்நகரிற் குறை இல்லையோ?" எனின், உண்டு. தோதோன்போரியின் ஒளிப்பலகைகள் கண்ணைக் குத்துகின்றன. அயல்நாட்டார் கூட்டம் பெருகிய இடங்களில் விலையும் உயர்ந்துவிட்டது. உண்பதற்கன்றிப் படம் பிடிப்பதற்கென்றே உணவு வாங்கி, ஆறவிட்டு, எறிந்து செல்வோரையும் கண்டேன். அவர்களும் நம்மைப்போல் வந்தவர்களே. ஊரார் உண்டியை வேடிக்கையாக்குவது அதனை இழிவென்று ஒதுக்குவதினும் பெரும் பிழை. ஒதுக்குபவன் அறியாதவன், எறிபவன் கையில் வாங்கியும் அறியாதவன்.

ஆகவே, மாணாக்கருக்கு யான் சொல்வது இது. பிற ஊர் சென்றால் கோபுரத்தையும் காண்க, அதனை விலக்கவில்லை. ஆனால், அதன் உயரத்தை எழுதுமுன், அவ்வூரில் உமக்கு உணவிட்டவர் யார், அவர் என்ன சொன்னார், எவ்வாறு பார்த்தார் என்று எழுதுக. உண்ண இயலாத இடத்தில், இயலாமையையும் எழுதுக. உயரம் எந்த நூலிலும் கிடைக்கும். முகம் உம்மிடமே உண்டு. ஆசிரியர்கள், 'யான் கண்ட நகரம்' என்று தலைப்பிடுவதை ஓராண்டுக்கேனும் நிறுத்தி, 'யான் உண்ட ஊர்' என்று இட்டுப் பார்ப்பார்களாக. எழுதத் தெரியாதவன் என்று நாம் ஒதுக்கிய பிள்ளை முதலில் எழுந்து வந்து தாளை நீட்டினும் நீட்டுவான்.

இவ்வளவையும் அன்றே ஆசிரியர் அறையிற் கூற இயலவில்லை, மணி அடித்துவிட்டது. மறுநாள், கிழவர் பிரியும்போது தாளிற் சுற்றித் தந்த உலர்ந்த கடற்பாசித் துண்டை எடுத்துச் சென்று மேசையில் வைத்தேன். எங்கள் மனையவர் அதற்குமுன்னரே பாதியை முறித்து ஊறவைத்துப் பருப்போடு சேர்த்துப் பார்த்துவிட்டார்.

வடமொழி ஆசிரியர் அதனை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். "கடலின் மணம்" என்றார். சற்றுநேரம் கழித்து, "இதனைத் தந்தவருக்கு என்ன வயது?" என்று வினாவினார்.

கோட்டையின் வயதை அன்று அவர் கேட்கவில்லை.